செஸ் ஆடியது ஆளா, இன்ஜினா? நோட்டேஷனை (நகர்வுக் குறிப்பை) மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

அதியமான்கோட்டை யானை | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். "இன்ஜின் ஆடிய ஆட்டத்தைப் பத்து மூவில் கண்டுபிடித்துவிடுவேன்" என்று போன வாரம் இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். இன்ஜின் என்றால் செஸ் ஆடும் கணினி நிரல். பேர் சொல்லவில்லை, அவரவருக்கே தெரியும். சரி, சோதித்தே பார்த்துவிடலாமே.

தருமபுரியில் ஞாயிறு காலை நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இடத்தில் ஹால் இருக்கிறது, பலகை இருக்கிறது. 20 ஆட்டங்களை அச்சடித்துத் தருகிறேன். பெயர், ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்), தேதி எதுவும் இருக்காது, நகர்வுகள் மட்டும்தான். வெள்ளை ஆடியது மனிதனா கணினியா, கறுப்பு ஆடியது மனிதனா கணினியா என்று குறிக்க வேண்டும். எந்த நகர்வை வைத்து அப்படி முடிவு செய்தீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிள்ளைகளும் எழுதலாம், பெரியவர்களும் எழுதலாம். கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர் பக்கமிருந்து வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஆடிய ஆட்டத்தை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தப்பாக ஆடிய இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மறுப்பவர்கள் வரலாம்.

மாங்கா மண்டி | இரவு 10.05

முதலில் சாப்பாடு என்னவென்று சொல்லு தம்பி. அப்புறம் மறுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

இதில் பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுத்த மாம்பழத்தைக் கிருஷ்ணகிரி மண்டிக்காரன் கையில் கொடுத்துப் பார், நிமிஷத்தில் சொல்லிவிடுவான். கல் வைத்த பழம் நாலு பக்கமும் ஒரே மஞ்சளாக இருக்கும். மரத்தில் முற்றிப் பழுத்தது காம்புப் பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் ஒரு நிறம். ஆட்டமும் அப்படித்தான். மனுஷன் ஆடினால் ஒரு இடம் பிரமாதமாக இருக்கும், ஒரு இடம் சொதப்பலாக இருக்கும். மிஷின் ஆடினால் கடைசி வரை ஒரே சீர்.

பென்னாகரம் பையன் | இரவு 10.22

மாமா, அது முழு பவரில் ஓடும் இன்ஜினுக்குத்தான் பொருந்தும். குறைத்து வைத்த இன்ஜின் உங்களைவிட மோசமாகச் சொதப்பும் :)

யானை அண்ணா, எந்த இன்ஜின், எந்த லெவல் என்பதை முடிவு செய்யாமல் சோதனையைத் தொடங்காதீர்கள். மனிதன் இதுவரை தொட்ட அதிகபட்ச ரேட்டிங் 2882, அது 2014இல் நார்வே ஆட்டக்காரர் கார்ல்சன். இன்றைய ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் அதற்கெல்லாம் மேலே எங்கேயோ இருக்கிறது. அதன் ஆட்டத்தையும் நம் மாவட்டப் போட்டி ஆட்டத்தையும் அடுத்தடுத்து வைத்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அப்போது யார் நன்றாக ஆடுகிறார் என்பதைத்தான் சோதித்ததாக ஆகும்.

இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். அங்கேதான் வேடிக்கை. ஸ்டாக்ஃபிஷில் ஸ்கில் லெவல் என்று 0 முதல் 20 வரை ஓர் அமைப்பு இருக்கிறது. 20 என்றால் முழு பலம். கீழே இறக்கினால் அது முட்டாளாக யோசிப்பதில்லை. நல்ல நகர்வுகள் சிலவற்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு, அவற்றில் சுமாரான ஒன்றைப் பகடை போட்டது போல எடுத்து ஆடுகிறது. லெவல் குறையக் குறையப் பகடையின் ஆட்டம் அதிகம்.

சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் லோ லெவல் பாட் (ஃபோனில் ஆடும் கணினி எதிராளி) ஒன்றோடு ஆடினேன். சிசிலியன் என்ற தொடக்க ஆட்டத்தைப் புத்தகத்தில் இருப்பது போல அப்படியே ஆடியது. யானையைத் திறந்த ஃபைலுக்கு (சிப்பாய் இல்லாத நேர் வரிசைக்கு) கொண்டுவந்தது, குதிரையை டி5 கட்டத்தில் நட்டது. அடுத்த மூவில் ராணியைக் கொண்டுவந்து என் சிப்பாய்க்கு எதிரில் வைத்தது. சும்மா, வெட்டிக்கொள் என்று. தொப்பூர்க் கணவாய் ஏறி முடிகிற வரை அதில் என்ன பொறி இருக்கிறது என்று தேடினேன். ஒரு பொறியும் இல்லை. பகடை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய நோட்டேஷன் | திங்கள், காலை 6.15

அரூரிலிருந்து எழுதுகிறேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

இந்தச் சோதனை புதிதில்லை. கணினி முன்னோடி ஆலன் டூரிங் 1948இல், தான் வேலை பார்த்த இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். அதன் முடிவில் இதே ஏற்பாடு இருக்கிறது. மூன்று பேர். ஒருவரும் மற்றொருவரும் செஸ்ஸில் சுமார் ரகம். மூன்றாமவர் 'காகித இயந்திரத்தை' ஓட்டுபவர், அதாவது எழுதி வைத்த விதிகளின்படி கையால் கணக்கிட்டு நகர்வைச் சொல்பவர். இரண்டு அறைகள். முதல் ஆள் ஓர் அறையில் இருந்து ஆடுகிறார். மறு அறையிலிருந்து நகர்வு அனுப்புவது இன்னொரு சுமார் ஆட்டக்காரரா, காகித இயந்திரமா என்று அவர் சொல்ல வேண்டும். சொல்வது கடினமாகத்தான் இருக்கும் என்கிறார் டூரிங். இதைப் போன்ற ஒன்றை உண்மையிலேயே செய்து பார்த்ததாகவும் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருக்கிறார்.

பென்னாகரம் தம்பி சொன்ன நிபந்தனை அதிலேயே இருப்பதைக் கவனியுங்கள். ஆட்டக்காரர்கள் சுமாராக ஆடுபவர்களாக இருக்க வேண்டும். காகித இயந்திரமும் அந்த அளவுதான் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். டூரிங்கும் நண்பர் சாம்பர்நௌனும் உருவாக்கிய நிரலை 1952இல் மான்செஸ்டரில் கையால் ஓட்டி, அலிக் கிளெனி என்பவரோடு ஓர் ஆட்டம் ஆடினார்கள். 29 நகர்வில் நிரல் தோற்றது.

இன்னொன்று. 1950இல் 'மைண்ட்' இதழில் வந்த அவரது புகழ்பெற்ற கட்டுரையில், ஆளா இயந்திரமா என்று தெரியாதபடி மறைவில் இருப்பவரிடம் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று செஸ்: என்னிடம் ராஜா மட்டும், உன்னிடம் ராஜாவும் யானையும், உன் முறை, என்ன ஆடுவாய்? பதில் ஒரே நகர்வில் மேட் (ராஜா தப்ப வழியில்லாத முடிவு). ஆனால் அந்தப் பதில் 15 விநாடி கழித்து வருகிறது. மற்றது கூட்டல்: 34957, 70764. அரை நிமிடம் கழித்து 105621 என்று பதில் வருகிறது. கூட்டிப் பாருங்கள், 105721 வரும். அச்சுப் பிழையா, வேண்டுமென்றே வைத்த தப்பா என்று இன்றும் பேசுகிறார்கள். என் வாக்கு இரண்டாவதற்கு. வேகமும் துல்லியமும் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ராயக்கோட்டை ரயில் | காலை 7.50

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு சார். 1770இல் கெம்பலென் என்பவர் வியன்னா அரசவையில் காட்டிய 'துருக்கியன்' பொம்மை. தானே செஸ் ஆடும் இயந்திரம் என்று பல பத்தாண்டுகள் ஊர் ஊராகக் காட்டினார்கள். நெப்போலியனே அதோடு ஆடினார். பெட்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் மனிதன்தான் மெஷின் வேஷம் போட்டிருக்கிறான்.

ஓசூர் ஷிப்டு | மதியம் 2.30

ஃபேக்டரியில் தர ஆய்வு பார்ப்பவன் நான். யானை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இப்போது இருக்கிற நிலையில் உங்கள் சோதனை தேறாது.

20 ஆட்டம் என்றீர்கள். ஆட்டத்தைப் பார்க்காமல் காசைச் சுண்டிப்போட்டு எழுதினாலே சுமார் 10 சரியாக வந்துவிடும். காசு சுண்டுகிறவனுக்கு 15 அல்லது அதற்கு மேல் வர 100இல் 2 வாய்ப்புதான். அதனால் 15 எடுத்தவன் கெட்டிக்காரன் என்று தோன்றும். ஆனால் ஹாலில் 40 பேர் உட்கார்ந்து 40 பேரும் காசு சுண்டினாலும், அவர்களில் ஒருவராவது 15ஐத் தொடுவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அந்த ஒருவரைத் தோளில் தூக்கிவைத்து, "இவன் கண்ணுக்கு இன்ஜின் தப்பாது" என்று ஊர்வலம் விட்டால் முடிந்தது கதை. 15 எடுத்தவருக்கு வேறு 20 ஆட்டம் கொடுங்கள். மறுபடியும் வந்தால் பேசலாம்.

வெள்ளை, கறுப்பு இரண்டையும் கேட்காதீர்கள். ஒரே ஆட்டத்தின் இரண்டு பக்கமும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கும், கணக்குக் குழம்பும். ஒரு பக்கத்தை மட்டும் குறித்துக் கேளுங்கள். முதல் 10, 12 நகர்வுகளை வெட்டிவிடுங்கள், அவை எல்லோரும் மனப்பாடம் செய்தவை, யாருடைய கையும் அதில் தெரியாது. முடிவையும் மறையுங்கள். ஃபோனில் இருக்கும் பாட் பெரும்பாலும் மேட் வரை ஆடும், மனிதன் தோற்கிறான் என்று தெரிந்ததும் எழுந்துவிடுவான். அதை வைத்தே பாதிப் பேர் விடை எழுதிவிடுவார்கள்.

அப்புறம், விடை தெரிந்தவர் ஹாலில் நிற்கக் கூடாது. நம் பிள்ளைகள் பலகையைப் படிப்பதைவிட வாத்தியார் முகத்தை நன்றாகப் படிப்பார்கள்.

அதியமான்கோட்டை யானை | மாலை 5.10

எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் வெளியே டீக்கடையில் இருக்கிறேன், பழைய நோட்டேஷன் சார் ஹாலைப் பார்த்துக்கொள்ளட்டும். விடைத்தாள் ஒட்டிய உறையில் இருக்கும்.

தப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றேனே, அதை விளக்குகிறேன். 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் நிரலோடு மோதினார். இரண்டாவது ஆட்டத்தில் 34ஆவது நகர்வாக ராணியை இ3க்குக் கொண்டுபோனார். அடுத்த நகர்விலேயே மேட். வெள்ளை ராணி எச்7இல் வந்து உட்கார்ந்தது, ஆட்டம் முடிந்தது. ஒரே மூவ் மேட் உலக சாம்பியன் கண்ணில் படவில்லை. ஏன்? அந்த எச்7 கட்டத்துக்குக் காவல் நின்ற வெள்ளைக் குதிரை எஃப்8இல் இருந்தது. குதிரை ஜி5இலோ எஃப்6இலோ நின்று எச்7இல் மேட் விழுவதை நாம் எல்லோரும் எண்ண முடியாத அளவு பார்த்திருக்கிறோம். கடைசி வரிசைக்குப் போய் அங்கிருந்து திரும்பிப் பார்த்துக் காவல் காக்கும் குதிரையைப் பார்த்துப் பழக்கமில்லை.

இது மனிதத் தப்பு. இதற்குக் காரணம் சொல்ல முடிகிறது. என் வகுப்பிலும் இதே ஜாதித் தப்புதான் நடக்கிறது. பிள்ளைகள் முன்னால் போகிற நகர்வைப் பார்ப்பார்கள், பின்னால் வருகிற நகர்வைப் பார்க்க மாட்டார்கள். எதிரி வெட்டினால் யோசிக்காமல் திருப்பி வெட்டுவார்கள். குறைத்து வைத்த ஸ்டாக்ஃபிஷின் தப்புக்கு இப்படிக் காரணமே சொல்ல முடியாது.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய பதினான்காவது ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராவுக்குப் போய்க்கொண்டிருந்த எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சிய கடைசிக் கட்டம். டிங் 55ஆவது நகர்வில் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். யானைகளை மாற்றி, பிஷப்களையும் மாற்றிவிட்டால் மிச்சம் இருக்கும் சிப்பாய் எண்ட்கேம் குகேஷுக்கு வெற்றி. சாதாரண ஃபோன் இன்ஜின்கூட அதைச் செய்யாது. களைப்பு, பதற்றம், எப்படியாவது யானைகளை மாற்றிவிட்டு டிராவில் ஒதுங்கலாம் என்ற ஆசை, மூன்றும் அந்த ஒரே நகர்வில் தெரிகிறது.

மாங்கா மண்டி | மாலை 6.00

உலக சாம்பியனுக்கே ஒரு மூவ் மேட் தெரியவில்லையா? இத்தனை நாள் என்னைத் திட்டியவர்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கவும்.

பழைய நோட்டேஷன் | இரவு 8.20

தப்பை வைத்துச் சொல்லலாம் என்று யானை சொல்வதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1997ஐ நினைத்துப் பாருங்கள். நியூயார்க், அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினியும். விநாடிக்கு 20 கோடி பொசிஷன் (காய்கள் நிற்கும் நிலை) பார்க்கும் மெஷின். முதல் ஆட்டத்தில் தோற்கும் நிலையிலிருந்த டீப் புளூ, 44ஆவது நகர்வில் யானையை டி1க்கு நகர்த்தியது. எதற்கென்றே தெரியாத நகர்வு. ஆட்டத்தை ஜெயித்த காஸ்பரோவும் அவர் ஆட்களும் அன்றிரவு அதையே ஆராய்ந்து, இந்த மெஷின் நமக்குத் தெரியாத எவ்வளவோ ஆழம் பார்த்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஐபிஎம் குழுவில் இருந்த மரே கேம்ப்பெல் பிற்காலத்தில் சொன்னது வேறு. நிரலில் கோளாறு, மெஷின் வழி தெரியாமல் ஏதோ ஒரு நகர்வைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

மறுநாள் இரண்டாவது ஆட்டம். டீப் புளூ ராணியை பி6க்குக் கொண்டுபோய்ச் சிப்பாய்களை அள்ளியிருக்கலாம். கணினி என்றால் சிப்பாயை விடாது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அது அள்ளவில்லை. சிப்பாயை மாற்றிவிட்டு, 37ஆவது நகர்வில் பிஷப்பை இ4இல் நிறுத்தி காஸ்பரோவுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்தது. இப்படி ஆடியது மெஷின் இல்லை, உள்ளே ஒரு கிராண்ட்மாஸ்டர் கை இருக்கிறது என்று காஸ்பரோவ் சந்தேகப்பட்டார். பதிவுகளைக் கேட்டார். அந்த ஆட்டத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில் டிராவுக்கு வழி இருந்தது என்று பிறகு காட்டினார்கள். மெஷின் இவ்வளவு தெளிவாக ஆடிவிட்டு அதைக் கோட்டைவிட்டிருக்காது என்ற நம்பிக்கையில் அவர் தேடியே பார்க்கவில்லை. போட்டி 3½–2½ என்று டீப் புளூ பக்கம் முடிந்தது.

ஆக, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் இரண்டு நாளில் இரண்டு விதமாக ஏமாந்தார். கோளாறைப் பார்த்து ஆழம் என்றார். கணக்குப் போட்ட நகர்வைப் பார்த்து மனிதன் என்றார். நம் ஹாலில் உட்காரப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆர்பிட்டர் அக்கா | செவ்வாய், காலை 11.10

உங்களுக்கு இது பொழுதுபோக்கு, எனக்கு இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போட்டிகளில் ஆர்பிட்டராக (நடுவராக) உட்காருகிறேன்.

ஆன்லைன் போட்டிகள் பெருகிய காலத்தில், எங்கே என்று சொல்ல வேண்டாம், எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தியைப் பாதிப் போட்டியில் நீக்கினார்கள். ஓர் ஆட்டத்தில் அவள் நகர்வுகள் எல்லாம் இன்ஜின் சொன்னதோடு ஒத்துப்போயிருந்தனவாம். ஆட்டத்தை வாங்கிப் பார்த்தேன். எதிரில் ஆடிய பையன் தொடக்கத்திலேயே குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வெட்டினால் திருப்பி வெட்டு, செக் வைத்தால் ராஜா போக ஒரே கட்டம். அந்த மாதிரி இடத்தில் என் பாட்டி ஆடினாலும் ஸ்டாக்ஃபிஷோடு ஒத்துத்தான் போவாள். அந்தப் பெண் அப்புறம் போட்டிக்கே வருவதில்லை.

2006இல் ரஷ்யாவின் எலிஸ்டாவில் கிராம்னிக்–டோபலோவ் உலக சாம்பியன் போட்டி நடந்தபோதும் இதே வேலைதான். டோபலோவின் மேலாளர், கிராம்னிக்கின் நகர்வுகள் ஃபிரிட்ஸ் நிரலோடு எத்தனை சதவீதம் பொருந்துகின்றன என்று பட்டியல் வெளியிட்டார். வேறு வழியே இல்லாத நகர்வுகளையும் சேர்த்து எண்ணினால் சதவீதம் ஏறத்தான் செய்யும். பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரீகன் போன்றவர்கள், ஒரு பொசிஷன் எவ்வளவு கடினம், அந்த ரேட்டிங் உள்ளவர் அதில் சரியானதைக் கண்டுபிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் கணக்கிட்டுத்தான் பேசுகிறார்கள். அவர்களே புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதத் தயங்குகிறார்கள்.

ஓசூர் தம்பியின் கணக்கையே திருப்பிப் போடுங்கள். 200 பிள்ளைகள் ஆடும் போட்டியில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேரை மட்டும் தவறாகப் பிடிக்கும் கண் உங்களுடையது. ரொம்பக் கூர்மையான கண். அப்படியும் தப்பே செய்யாத 4 பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

பென்னாகரம் பையன் | மதியம் 1.05

அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். 2021 ஜூனில் கொரோனா நிவாரணத்துக்காக ஆனந்த் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடினாரே, அதில் ஒரு தொழிலதிபர் ஆனந்தை ஜெயித்தார். பார்த்தவர்கள் அப்போதே கிசுகிசுத்தார்கள். மறுநாள் அவரே கணினி உதவி கிடைத்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் மக்கள் நகர்வைப் பார்த்தா கண்டுபிடித்தார்கள்? ஆளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். பெயரை மறைத்து அந்த ஆட்டத்தை அச்சடித்துக் கொடுத்திருந்தால் யாரோ ஒரு மாஸ்டர் என்று புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

யானை அண்ணாவுக்கு ஒரு கெட்ட செய்தி. மாயா என்று ஓர் இன்ஜின் 2020இல் வந்தது. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து செய்தது. லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை லட்சக்கணக்கில் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். 1100 முதல் 1900 வரை ரேட்டிங்குக்கு ஒன்றாக ஒன்பது மாயா. எது சிறந்த நகர்வு என்று அது தேடுவதில்லை. இந்த ரேட்டிங்கில் இருக்கும் மனிதன் இங்கே என்ன ஆடுவான் என்று மட்டும் பார்க்கிறது. பாதிக்கு மேல் சரியாகவும் சொல்கிறது. எஃப்8 குதிரையைப் பார்க்காமல் விடுவது, அவசரமாகத் திருப்பி வெட்டுவது எல்லாம் அதற்கும் வரும். மனிதத் தப்பையே கற்றுக்கொண்ட மெஷின். இதை உங்கள் 20இல் கலக்காவிட்டால் சோதனை அரைகுறைதான்.

ஓசூர் ஷிப்டு | மாலை 4.45

மாயாவைக் கலக்கலாம், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பெரும்பாலானோர் ஆடக்கூடிய நகர்வை ஆடுகிறது. தனி ஆளின் தப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் 1100க்காகப் பழக்கியது 1100 ஆளைவிட வலுவாகவே ஆடும். ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரில் இருக்கும் ரேட்டிங்கை நம்பாமல் நிஜமாக ஆடும் பலத்தை வைத்துச் சேர்க்கவும்.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இப்போதைய பிள்ளைகள் பாதிப் பேர் இன்ஜினிடம்தான் கற்கிறார்கள். 2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ என்ற இன்ஜின் 100 ஆட்டத்தில் ஸ்டாக்ஃபிஷை 28 ஜெயித்து 72 டிரா செய்தது, ஒன்றுகூடத் தோற்கவில்லை. அது ஓரத்து எச் வரிசைச் சிப்பாயை விறுவிறுவென்று ராஜாவை நோக்கித் தள்ளியதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஓசூரில் பத்து வயசுப் பையனும் தள்ளுகிறான். அன்றைக்கு அதைப் பார்த்து இன்ஜின் மூவ் என்றோம். இன்றைக்கு அது பையன்களின் மூவ்.

பழைய நோட்டேஷன் | இரவு 7.30

சிலர் மாற்றியும் பழக்குகிறார்கள். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தொடக்க ஆண்டுகளில் அவரை இன்ஜின் பக்கமே விடாமல் சொந்தமாகக் கணக்கிடப் பழக்கினார். அந்தக் காலத்து குகேஷ் ஆட்டம் ஒன்றையும் சேர்த்துவிடு யானை.

அதியமான்கோட்டை யானை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

நடந்து முடிந்தது. வந்தவர்களுக்கு நன்றி. பாலக்கோட்டிலிருந்து அப்பாவோடு பைக்கில் வந்த இரண்டு பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

மதிப்பெண் பட்டியல் போடப்போவதில்லை, ஓசூர்க்காரர் என்னைத் தின்றுவிடுவார். மொத்தத்தில் கண்டதைச் சொல்கிறேன். கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களிலும் முழு பலத்தில் ஓடிய ஸ்டாக்ஃபிஷ் ஆட்டங்களிலும் யாருடைய விடையும் காசு சுண்டுவதைவிட மேலாக இல்லை. கை தேர்ந்தவர்களும் அப்படித்தான். குறைத்து வைத்த ஸ்டாக்ஃபிஷைப் பிள்ளைகள் உடனே பிடித்தார்கள், பெரியவர்கள் தடுமாறினார்கள். பிள்ளைகள் தினமும் ஃபோனில் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள், அதன் குணம் அவர்களுக்குத் தெரிகிறது. மாயா எல்லோரையும் ஏமாற்றியது. நானே விடை தெரியாமல் உட்கார்ந்திருந்தால் மனிதன் என்றுதான் எழுதியிருப்பேன்.

காரணம் எழுதச் சொன்னதுதான் பெரிய லாபம். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி குறைத்து வைத்த ஸ்டாக்ஃபிஷ் ஆட்டத்துக்கு எழுதியது: "ராணி போன பிறகும் இது பதறவே இல்லை." போய்ப் பார்த்தேன். உண்மை. ராணியை இழந்த மனிதன் ஒன்று ஆட்டத்தை விடுவான், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு தாக்குவான். இது அடுத்த நகர்வில் ராஜாவைப் பத்திரப்படுத்தி, சிப்பாயை ஒழுங்காக ஒரு கட்டம் நகர்த்துகிறது. நான் தப்பு நடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் தப்புக்கு அடுத்து வந்த மூன்று நகர்வுகளைப் பார்த்திருக்கிறாள்.

மிச்சம் ஒரு விஷயம். எட்டாம் எண் ஆட்டத்தைப் பெரும்பாலானோர் கணினி என்று எழுதினீர்கள். "சும்மா கிடைத்த பிஷப்பை வெட்டாமல் ராஜாவை மூலைக்கு நகர்த்துகிறது. மனிதன் வெட்டியிருப்பான். ஏதோ ஆழமாகப் பார்த்திருக்கிறது" என்று ஒருவர் விளக்கம் வேறு எழுதியிருக்கிறார். அந்த ஆட்டம் மாங்கா மண்டி மாமா போன மாதம் என்னோடு ஆடியது.

மாங்கா மண்டி | மாலை 6.41

பிஷப்பா? எங்கே இருந்தது?

பழைய நோட்டேஷன் | மாலை 6.50

வாழ்த்துகள். காஸ்பரோவை ஏமாற்றிய டி1 யானைக்கு அடுத்து, கிருஷ்ணகிரி ராஜா.

ஆர்பிட்டர் அக்கா | இரவு 8.15

சிரித்துவிட்டேன். ஆனால் நான் பயந்ததும் இதைத்தான். நிஜப் போட்டியில் மண்டி அண்ணன் இப்படி ஆடி ஜெயித்திருந்தால், அந்த விளக்கத்தை எழுதியவர் என்னிடம் புகாரோடு வந்து நின்றிருப்பார்.

பலகையில் நேரில் ஆடும் போட்டி என்றால் நான் ஒன்று செய்வதுண்டு. சந்தேகம் வந்தால் ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, மிரட்டாமல், "இந்த இடத்தில் வேறு என்ன யோசித்தாய்?" என்று கேட்பேன். ஆடியதைக் கேட்பதில்லை, ஆடாமல் விட்டதைக் கேட்பேன். சொந்தமாக ஆடிய பிள்ளை நாலு தப்பான வழியைச் சொல்லும். "குதிரையை அங்கே வைக்கலாம் என்று பார்த்தேன், பிஷப் வெட்டிவிடும் என்று விட்டுவிட்டேன்" என்று கையை ஆட்டிச் சொல்லும். இரவல் வாங்கி ஆடிய பிள்ளையிடம் நல்ல நகர்வு ஒன்றுதான் இருக்கும். இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பென்னாகரம் பையன் | இரவு 8.32

பிளிட்ஸில் (சில நிமிட அவசர ஆட்டத்தில்) என்னைக் கேட்டால் பாதி மூவுக்கு என்னிடமே பதில் இருக்காது அக்கா. கை போகும், நானும் கூடவே போவேன்.

ஓசூர் ஷிப்டு | இரவு 9.00

அடுத்த சுற்றுக்கு நேரத்தையும் சேர்க்கலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை விநாடி என்று அச்சடித்து ஒரு குழுவுக்கும், நேரம் இல்லாமல் அதே ஆட்டங்களை இன்னொரு குழுவுக்கும் கொடுப்போம். ஒரே கட்டம் இருக்கும் இடத்தில் மனிதன் பட்டென்று ஆடுவான், குழப்பமான இடத்தில் இரண்டு நிமிஷம் உட்காருவான். மாயா நகர்வில் ஏமாற்றினாலும் நேரத்தில் மாட்டுகிறதா என்று தெரிந்துவிடும். லிசெஸ்ஸில் இறக்கும் ஆட்டங்களில் நேரம் பதிவாகி இருக்கும், அவற்றை நான் எடுத்துத் தருகிறேன்.

அதியமான்கோட்டை யானை | இரவு 9.20

சரி. 10 நிமிட ஆட்டங்கள் மட்டும் எடுங்கள், பிளிட்ஸ் வேண்டாம். ஒரே ஆள் ஆடிய ஆட்டம் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஆட்டங்களை எனக்கு அனுப்பாமல் பழைய நோட்டேஷன் சாருக்கு அனுப்புங்கள், இந்தத் தடவை நானும் ஹாலில் உட்கார்ந்து விடை எழுதப்போகிறேன்.